மெனுடோவிலிருந்து வந்த இரண்டு பேர்: ரிக்கி மார்ட்டினும் ராபி ரோசாவும்

கேள்வி: ரிக்கி மார்ட்டின் சின்ன வயதில் 'மெனுடோ' என்ற பாய் பேண்டில் இருந்தவர் என்று படித்தேன். அதை விட்டு வந்து தனியாகப் போட்ட முதல் ஆல்பமே 1999-ல் உலகம் முழுக்க ஓடியதா? ஒரு பாய் பேண்ட் பையனுக்கு அது எப்படி முடிந்தது? அதே குழுவில் இருந்த மற்றவர்கள் என்ன ஆனார்கள்?

பதில்:

நீங்கள் குழம்பியதில் தப்பே இல்லை. 'ரிக்கி மார்ட்டின்' என்று தன் பெயரையே தலைப்பாக வைத்து அவர் இரண்டு ஆல்பங்கள் போட்டிருக்கிறார். ஒன்று 1991-ல் ஸ்பானிஷில் வந்தது. குழுவை விட்டு வந்தபின் அவர் போட்ட முதல் ஆல்பம் அதுதான். இன்னொன்று 1999 மே 11 அன்று வந்த ஆங்கில ஆல்பம். 'லிவின் லா வீடா லோகா' இருப்பது இதில். இரண்டுக்கும் நடுவே எட்டு வருடங்களும் மூன்று ஆல்பங்களும் இருக்கின்றன. ஆங்கிலம் கேட்கும் உலகத்துக்குத்தான் 1999-ல் அவர் புது முகம். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் ஸ்பெயினிலும் அதற்குள் அவர் பழகிய முகம்.

என்னைக் கேட்டால், அவருடைய உண்மையான தனி வாழ்க்கை 1991-லும் தொடங்கவில்லை, 1999-லும் தொடங்கவில்லை. 1995-ல் வந்த 'ஆ மேதியோ விவிர்' என்ற மூன்றாவது ஆல்பத்தில்தான் தொடங்கியது. அதைத் தொடங்கி வைத்தது அதே மெனுடோவிலிருந்து வந்த இன்னொருவர், ராபி ரோசா. அவருடைய கதையைச் சேர்த்துச் சொன்னால்தான் உங்கள் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்கும். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மெனுடோ. 1977-ல் எட்கார்டோ தியாஸ் என்பவர் கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவில் ஆரம்பித்த குழு. எப்போதும் ஐந்து பையன்கள். பதினாறு வயது நெருங்கினாலோ, குரல் உடைந்தாலோ, மீசை அரும்பினாலோ அந்தப் பையன் வெளியே போக வேண்டும், அவன் இடத்துக்கு இன்னொரு சின்னப் பையன் வருவான். பிற்பாடு இந்த வயது விதி கொஞ்சம் தளர்ந்தது. ஆனாலும் ஏற்பாடு இதுதான். இருபது வருடங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட பையன்கள் வந்து போனார்கள். குழுவுக்கு மட்டும் வயதே ஆகவில்லை. வியாபாரமாகப் பார்த்தால் அசாத்தியமான மூளை. பையன்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் கொடுமை. பெயர் முதலாளியுடையது, பாட்டு வேறு யாரோ எழுதியது, நடன அசைவு வேறு யாரோ சொல்லிக் கொடுத்தது. வெளியே போகிறவன் கையில் எதுவும் இருக்காது. இருப்பதெல்லாம் முகம் மட்டும்தான், அதுவும் ரசிகைகள் அடுத்த பையனின் போஸ்டரை ஒட்டும் வரைக்கும்.

உள்ளே நடந்தது இதைவிட மோசம் என்பதைப் பழைய உறுப்பினர்கள் பலர் பின்னாளில் வெளிப்படையாகப் பேசினார்கள். ஓய்வில்லாத வேலை, கேட்க ஆளில்லாத சூழல், பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டுகள் எல்லாம் 2022-ல் எச்.பி.ஓ. மேக்ஸில் வந்த 'மெனுடோ: ஃபாரெவர் யங்' ஆவணத் தொடரில் இருக்கின்றன. மெனுடோ என்றால் வண்ணச் சட்டையும் துள்ளல் பாட்டும் மட்டுமே நினைவுக்கு வருபவர்கள் ஒருமுறை அதைப் பார்ப்பது நல்லது.

இந்தக் குழுவுக்குள் 1984-ல் அடுத்தடுத்து வந்தவர்கள்தான் நம் இருவரும்.

ரிக்கி 1971 டிசம்பர் 24 அன்று புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் பிறந்தவர். முழுப்பெயர் என்ரிக்கே மார்ட்டின் மொராலெஸ். மெனுடோ தேர்வுக்குப் போய், உயரம் போதாது என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பப்பட்டு, மூன்றாவது தடவையில் எடுக்கப்பட்டார். அப்போது வயது பன்னிரண்டு. ராபி அவரைவிட இரண்டரை வயது மூத்தவர். நியூயார்க்கின் லாங் ஐலண்டில் பிறந்து, புவேர்ட்டோ ரிக்கோவில் வளர்ந்தவர். 1985-ல் மெனுடோ ஆங்கிலத்தில் பாடிய 'ஹோல்ட் மீ' அமெரிக்காவின் பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் நுழைந்தது. அதில் முன்னணிக் குரல் ராபியுடையது. ஆக, குழுவிலேயே குரலுக்காகக் கவனிக்கப்பட்டவர் அவர்தான்.

வெளியே வந்த விதத்திலும் இருவரும் வேறு வேறு. ராபி தான் எழுதிய பாட்டுகளைக் குழு பாட வேண்டும் என்று விரும்பினார். அது நடக்கவில்லை. 1987-ல் தானாகவே விலகினார். ரிக்கி 1989 வரை இருந்து, வயது முடிந்ததும் வந்தார். ஒருவர் கோபித்துக்கொண்டு வந்தவர், மற்றவர் பள்ளிப்படிப்பை முடிப்பது போல முடித்துக்கொண்டு வந்தவர். அடுத்த பத்து வருடம் இருவரும் நடந்துகொண்ட விதம் முழுக்க இதிலேயே அடங்கிவிடுகிறது என்று எனக்குத் தோன்றும்.

ரிக்கி கொஞ்ச நாள் நியூயார்க்கில் இருந்துவிட்டு மெக்சிகோ சிட்டிக்குப் போனார். இது முக்கியமான முடிவு. ஸ்பானிஷ் பாப் உலகத்துக்கு அந்தக் காலத்தில் மெக்சிகோதான் தலைநகரம். தொலைக்காட்சி, ரிக்கார்ட் கம்பெனி, நாடக மேடை எல்லாம் ஒரே ஊரில். அங்கே மேடை இசை நாடகத்தில் நடித்தார். 1991-ல் 'அல்கான்சார் ஊனா எஸ்த்ரெல்லா' என்ற புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடரின் இரண்டாம் பாகத்தில் நடித்தார். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தொடரின் கதைக்குள்ளும் ஒரு பாட்டுக் குழு உண்டு. 'முன்யேகோஸ் தே பாபெல்' என்ற அந்தக் குழு நிஜத்திலும் மேடையேறிப் பாடியது. அதாவது ஒரு குழுவை விட்டு வந்தவர் உடனே இன்னொரு குழுவில் நின்றார்! அதில் கூட நின்று பாடிய ஆங்கெலிகா ரிவேரா பிற்காலத்தில் மெக்சிகோ அதிபரின் மனைவியானார் என்பது கதைக்குச் சம்பந்தமில்லாத செய்தி. ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அதே 1991-ல் சோனி ரிக்கார்ட் கம்பெனிக்காக முதல் ஆல்பம் வந்தது. நன்றாகவே விற்றது. கேட்டுப் பாருங்கள்: சுத்தமான குரல், மென்மையான காதல் பாட்டுகள், அந்தக் காலத்து சிந்தசைசர். தப்பு சொல்ல எதுவும் இல்லை, நினைவில் நிற்கவும் பெரிதாக எதுவும் இல்லை. 1993-ல் 'மே அமராஸ்' வந்தது. தயாரிப்பாளர் ஹுவான் கார்லோஸ் கால்தெரோன், ஸ்பானிஷ் காதல் பாட்டுகளில் பெரிய கை. அந்த ஆல்பத்தில் கால்தெரோன் தெரிகிறார். பாடியவர் தெரியவில்லை. மெனுடோவில் பழகிய ஒழுங்கு அப்படியே தொடர்கிறது: சொல்லிக் கொடுத்ததைப் பிசகாமல் செய்யும் பையன். அப்புறம் அமெரிக்காவுக்குப் போய் 'ஜெனரல் ஹாஸ்பிடல்' என்ற தொலைக்காட்சித் தொடரில் மிகேல் மோரெஸ் என்ற பாத்திரத்தில் நடித்தார். நடிகர், பாடகர், அழகன். இத்தோடு நின்றிருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டீர்கள்.

இதே வருடங்களில் ராபி என்ன செய்துகொண்டிருந்தார் என்று பாருங்கள். மெனுடோவை விட்டதும் பிரேசிலுக்குப் போய் போர்ச்சுகீசிய மொழியில் ஆல்பங்கள் போட்டார். 1988-ல் 'சல்சா' என்ற ஹாலிவுட் நடனப் படத்தில் கதாநாயகன். அதுவும் மனதுக்கு ஒட்டவில்லை போலிருக்கிறது. நியூயார்க்கில் 'மேகீஸ் ட்ரீம்' என்ற ராக் பேண்டில் சேர்ந்து 1990-ல் ஓர் ஆல்பம் பாடினார். பேண்ட் நிலைக்கவில்லை. 1994-ல் தனியாக ஸ்பானிஷில் 'ஃப்ரியோ' வந்தது. புகழ் வரும் வழியெல்லாம் கண்ணெதிரே இருந்தும், ஒவ்வொரு தடவையும் அதற்கு எதிர்த்திசையில் நடந்த ஆள். பாட்டு எழுதுவது மட்டும் நிற்கவே இல்லை.

இந்த இருவரும் 1995-ல் ஒரே ஸ்டூடியோவில் சந்தித்தார்கள். ரிக்கியின் மூன்றாவது ஆல்பத்துக்கு கே.சி. போர்ட்டரும் ராபியும் தயாரிப்பாளர்கள். ராபி தன் சொந்தப் பெயரைப் போடாமல் 'இயன் பிளேக்' என்ற புனைபெயரில் வேலை செய்தார். ராக் பாடகன் என்ற தன் பெயரையும் பாப் வேலையையும் தனித்தனியே வைத்துக்கொள்ள இது வசதியாக இருந்திருக்கும்.

ராபி செய்த மாற்றம் என்ன? ரிக்கி மேடையில் எப்படி இருப்பார் என்று அவருக்குத் தெரியும், பக்கத்தில் நின்று ஆடியவர் அல்லவா! ஐந்து பேரில் ஒருவனாக வரிசை பிசகாமல் ஆடக் கற்ற உடம்பு அது. அந்த உடம்பை விட்டுவிட்டு, குரலை மட்டும் எடுத்து நான்கு வருடமாகக் காதல் பாட்டு பாட வைத்துக்கொண்டிருந்தார்கள். ராபி ஆட்டத்தையும் பாட்டையும் மறுபடி சேர்த்தார். தாளத்தை முன்னால் கொண்டு வந்தார், கிட்டாரைக் கொஞ்சம் முரடாக்கினார், ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசை வாசனை சேர்த்தார். ஆல்பம் முழுக்க அப்படி என்று சொல்ல மாட்டேன். முதலில் வானொலிகளில் ஓடியது கார்லோஸ் லாரா எழுதிய 'தே எஸ்த்ரான்யோ, தே ஒல்விதோ, தே ஆமோ' என்ற மெதுவான பாட்டுதான், அதுவும் மிக நல்ல பாட்டு. ஆனால் திருப்பம் நடந்தது 'மரியா'வில்.

ராபி, போர்ட்டர், ஸ்பெயின் பாடலாசிரியர் லூயிஸ் கோமெஸ் எஸ்கொலார் மூவரும் சேர்ந்து எழுதிய பாட்டு அது. ரிக்கார்ட் கம்பெனிக்குள் இதற்கு எதிர்ப்பு இருந்தது. காதல் பாட்டுக்காரன் என்று ஒரு பெயர் எடுத்தாகிவிட்டது, அதைக் கெடுத்துக்கொள்ளலாமா என்ற பயம். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆல்பத்தில் இருக்கும் மூல வடிவத்தைக் கேட்டால் அவர்களுடைய தயக்கம் புரியும். அது நிதானமாக நடக்கும், கொஞ்சம் இருட்டான பாட்டு. நம் காதில் விழுந்த 'மரியா' அது இல்லை. பாப்லோ ஃப்ளோரெஸ் என்ற டி.ஜே. வேகம் கூட்டி, தாள வாத்தியங்களைக் கொட்டி, விசில் எல்லாம் சேர்த்து ஒரு ரீமிக்ஸ் செய்தார். கடல் தாண்டியது அந்த வடிவம்தான். ஆல்பத்தில் கேட்டுவிட்டு 'இது அந்தப் பாட்டு மாதிரி இல்லையே' என்று திகைப்பவர்கள் இன்றும் உண்டு.

பாட்டு எவ்வளவு மெதுவாகப் பரவியது என்பதையும் கவனியுங்கள். ஆல்பம் வந்தது 1995 செப்டம்பரில். பிரான்சில் 'மரியா' முதலிடத்துக்கு வந்தது 1997-ல். ஆஸ்திரேலியாவில் 1998-ல். இடையில் ரிக்கி சும்மா இருக்கவில்லை. 1996-ல் பிராட்வே மேடையில் 'லே மிசராப்ள்' இசை நாடகத்தில் மாரியுஸாகப் பாடினார். ஒரு பாட்டு மூன்று வருடம் நாடு நாடாக நடந்து போனது. இதைத்தான் 1999-ல் பத்திரிகைகள் 'ஒரே இரவில்' என்று எழுதின.

பிரான்சில் கிடைத்த அந்த வரவேற்புக்குப் பிறகு, அதே நாட்டில் நடந்த 1998 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு 'லா கோபா தே லா வீதா' அமைந்தது. மறுபடியும் ராபியும் எஸ்கொலாரும், கூடவே இப்போது டெஸ்மண்ட் சைல்ட். அமெரிக்க ராக் பேண்டுகளுக்குக் கூட்டமாகப் பாடும் பல்லவிகள் எழுதிக் கொடுத்த கை அது. மைதானத்துக்கு வேறென்ன வேண்டும்? 1998 ஜூலை 12 அன்று, பிரான்ஸ் பிரேசிலை வென்ற இறுதிப் போட்டி நாளில், ஸ்தாத் தெ பிரான்ஸ் மைதானத்தில் ரிக்கி அதைப் பாடினார். அந்தப் பாட்டு இருந்த 'வுவெல்வே' அவருடைய நான்காவது ஆல்பம்.

அதே வருடம் மெனுடோவின் பழைய உறுப்பினர்கள் ஆறு பேர் சேர்ந்து 'எல் ரீஎன்குவென்ட்ரோ' என்ற பெயரில் மேடையேறிப் பழைய பாட்டுகளைப் பாடினார்கள். மெனுடோ என்ற பெயர் அவர்களுடையது இல்லை என்பதால் வேறு பெயர். அரங்கு நிறைந்தது, பல வருடம் நடந்தது. மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டீர்களே, அதற்கு ஒரு பாதிப் பதில் இது. சிலர் காணாமல் போனார்கள், சிலர் தொலைக்காட்சிக்குப் போனார்கள், சிலர் கூட்டம் கேட்ட பழைய பையனாகவே மேடையில் நின்று மரியாதையாகச் சம்பாதித்தார்கள். அதையும் தோல்வி என்று சொல்ல எனக்கு மனமில்லை.

சரி, 1999. பிப்ரவரி 24, லாஸ் ஏஞ்சலஸ், கிராமி விழா. 'வுவெல்வே'வுக்குச் சிறந்த லத்தீன் பாப் விருது. அதைவிட முக்கியம் அவர் மேடையில் பாடிய நான்கு நிமிடம். தாள வாத்தியக்காரர்கள் பார்வையாளர்களுக்கு நடுவிலிருந்து அடித்துக்கொண்டு வர, ரிக்கி உலகக் கோப்பைப் பாட்டைப் பாடி ஆடினார். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பலருக்கு அவர் யாரென்றே தெரியாது. பாட்டு முடிந்தபோது அரங்கம் எழுந்து நின்றது. மெனுடோ கொடுத்த பயிற்சி எதற்காவது உதவியது என்றால் அது இந்த நான்கு நிமிடத்துக்குத்தான். நேரலை, ஒரே வாய்ப்பு, மூச்சு வாங்காமல் ஆடிக்கொண்டே பாட வேண்டும். பன்னிரண்டு வயதிலிருந்து அதையே செய்தவர். கடையில் அப்போது விற்க ஆங்கில ஆல்பம் இல்லை, தயாராகிக்கொண்டிருந்தது. சோனி இந்த விஷயத்தில் நேரத்தை வீணாக்கவில்லை. அடுத்த மாதமே 'லிவின் லா வீடா லோகா' வெளியானது.

எழுதியவர்கள் ராபியும் டெஸ்மண்ட் சைல்டும். லத்தீன் பாட்டு என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் உள்ளே பாருங்கள்: அறுபதுகளின் சர்ஃப் கிட்டார், ஜமைக்காவின் ஸ்கா இசைப் பாணியில் ஊதும் ட்ரம்பெட்டுகள், ராக் வேகத்தில் ட்ரம்ஸ். லத்தீன் நடன இசைகளான சல்சாவோ மெரெங்கேயோ தேடினால் மேலோட்டமாகத்தான் கிடைக்கும். 'மேகீஸ் ட்ரீம்' நாட்களின் ராபி இதில் அதிகம். இன்னொரு விஷயம் ஒலிப்பதிவுக்காரர்களுக்குப் பிடிக்கும். மயாமி பீச்சில் சைல்டின் ஸ்டூடியோவில் பதிவான இந்தப் பாட்டு டேப்பையே தொடவில்லை. பதிவு, எடிட்டிங், மிக்ஸிங் எல்லாமே 'ப்ரோ டூல்ஸ்' மென்பொருளுக்குள். அப்படி முழுக்கக் கணினிக்குள்ளேயே உருவாகி அமெரிக்காவில் முதலிடம் பிடித்த முதல் பாட்டு இது. அதற்குப் பிறகு பெரிய ஸ்டூடியோக்களின் தயக்கம் வேகமாகக் கரைந்தது. ஐந்து வாரம் பில்போர்ட் ஹாட் 100-ல் முதலிடம். ஆல்பம் அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே 6,61,000 பிரதிகள் விற்றது. 2022-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் இந்தப் பாட்டைச் சேர்த்துக்கொண்டது.

அந்தக் கோடையில் ஜெனிஃபர் லோபெஸ், என்ரிக்கே இக்லேசியஸ், மார்க் ஆண்டனி எல்லோரும் ஆங்கிலத்தில் வந்தார்கள், கிட்டார் கலைஞர் சன்டானா திரும்பி வந்தார். 'டைம்' பத்திரிகை ரிக்கியை அட்டையில் போட்டது. ஆல்பமாக எடுத்தால் 1999-ன் அந்த ஆங்கில ஆல்பம் அவருடைய சிறந்தது இல்லை என்பது என் அபிப்பிராயம். இரண்டு மூன்று பாட்டுகள் பட்டாசு. மற்றவை எல்லாருக்கும் பிடிக்க வேண்டும் என்று செய்தவை. முழுதாகக் கேட்க 'வுவெல்வே' மேல். அப்புறம், அந்த உச்சத்தில் அவர் தன்னைப் பற்றிய ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டே ஆடினார். தான் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னது 2010 மார்ச்சில். பேட்டிகளில் அந்தக் கேள்வியை அவரிடம் எத்தனை தடவை, எவ்வளவு அநாகரிகமாகக் கேட்டார்கள் என்று இப்போது பார்த்தால் கூசுகிறது.

இனி ராபிக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் இல்லாத பதில் இதில்தான் இருக்கிறது.

'மரியா' ஒரு பக்கம் மெதுவாக நடந்துகொண்டிருந்த 1996-ல் ராபி தன் சொந்த ஆல்பம் ஒன்றைப் போட்டார்: 'வாகபுந்தோ'. தயாரிப்பாளர் ஃபில் மன்சனேரா, ராக்சி மியூசிக் பேண்டின் கிட்டார் கலைஞர். ஆங்கிலேயத் தந்தைக்கும் கொலம்பியத் தாய்க்கும் பிறந்து, சிறுவயதில் லத்தீன் அமெரிக்க நாடுகளில் வளர்ந்தவர். ஸ்பெயினின் 'ஹீரோஸ் தெல் சிலென்சியோ' பேண்டுக்கு 1990-ல் ஆல்பம் தயாரித்தவரும் அவரே. ஸ்பானிஷில் பாடும் ராக் எப்படி ஒலிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த ஆல்பத்தை முதன்முறை கேட்பவர்களுக்கு, 'மரியா'வை எழுதிய ஆள்தான் இது என்று நம்புவது கஷ்டம். கிட்டார்கள் தாழ்ந்து, கனத்து ஒலிக்கும். ராபியின் குரல் சில இடங்களில் முணுமுணுக்கும், சில இடங்களில் கிழியும். மரணம், வெறி, பக்தி, உடம்பு எல்லாம் ஒன்றோடொன்று கலந்து வரும். 'மத்ரே தியெர்ரா', 'பெனெலோபே', 'ப்ளாங்கா முஹெர்' மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் அவருடைய வீச்சு பிடிபடும். ரிக்கி பாட்டுகளில் வெயிலில் நிற்கும் ஆசை, இங்கே இருட்டறையில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் கவனமாகக் கேட்டால் கை ஒன்றுதான் என்பது தெரியும். பல்லவிக்கு ஒரு அடி முன்னால் இசையைச் சட்டென்று இறுக்கிவிட்டு அவிழ்க்கும் பழக்கம் இரண்டு பக்கமும் உண்டு.

விற்பனையில் அது 'ஆ மேதியோ விவிர்' பக்கத்தில் கூட நிற்காது. ஆனால் ஸ்பானிஷ் ராக் பாடுகிறவர்களிடம் பேசினால் அந்தப் பெயரை ஒரு தனி மரியாதையோடு சொல்வார்கள். லத்தீன் ராக்கின் தலைசிறந்த ஆல்பங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அது பெரும்பாலும் அதில் இருக்கும். ஒரே மனிதர், ஓராண்டு இடைவெளியில், ஒரு பழைய சகாவுக்கு உலகச் சந்தையையும் தனக்கு ஒரு தனி உலகத்தையும் கட்டிக்கொண்டார். மெனுடோவில் எழுத விடாத கை அது. பாய் பேண்ட் பையன்களுக்குச் சரக்கு கிடையாது என்று பேசுகிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை, இந்த இரண்டு ஆல்பங்களின் பெயரை மட்டும் சொல்வேன்.

ரிக்கி-ராபி கூட்டு 2000-ல் வந்த ரிக்கியின் 'சவுண்ட் லோடட்' ஆல்பம் வரை ஓடியது. 'ஷீ பேங்ஸ்' அதில்தான். கேட்டால் சூத்திரம் தேய்ந்து போனது காதுக்கே தெரியும். அதன் பிறகு இருவரும் அவரவர் வழியில் போனார்கள். ராபி 'ட்ராகோ' என்று பெயரை மாற்றிக்கொண்டார், 2004-ல் 'மேட் லவ்' என்று ஆங்கிலத்திலும் ஒன்று போட்டுப் பார்த்தார். நல்ல ஆல்பம், பெரிதாக எடுபடவில்லை.

மற்ற குழுக்களில் இதே கதை எப்படி நடந்தது என்று பார்த்தாலும், முதல் ஆல்பத்தை வைத்து எதையும் தீர்மானிக்க முடிவதில்லை. மெக்சிகோவின் 'திம்பிரிச்சே'யிலிருந்து வந்த தாலியாவும் பவுலினா ரூபியோவும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே தனி ஆல்பம் போட்டவர்கள். ஆனால் பவுலினா அமெரிக்காவில் பெரிதாக நின்றது 2000-ல் வந்த 'பவுலினா'வில்தான். மெக்சிகோவின் ஒரு தொலைக்காட்சித் தொடரிலிருந்து பிறந்த 'ஆர்.பி.டி.' குழுவின் அனாயி இன்னும் விசித்திரம். குழந்தை நட்சத்திரமாகவே நான்கு ஆல்பம் போட்டுவிட்டு, பிறகு அந்தத் தொடர் வழியாகக் குழுவுக்குள் போய், 2008 கடைசியில் குழு கலைந்ததும் 2009-ல் 'மி தெலீரியோ'வோடு திரும்பி வந்தார். விசுவாசமான ரசிகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் 2023-ல் குழுவாக மறுபடி சேர்ந்து சுற்றுப்பயணம் போனபோது நிரம்பிய மைதானங்களை எந்தத் தனி ஆல்பமும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுக்க ஒரு ராபி எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

ட்ராகோ ரோசாவுக்கு 2011-ல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது, கல்லீரலை ஒட்டி நான்-ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா. சிகிச்சைக்குப் பிறகு 2013-ல் 'வீதா' என்ற ஆல்பம் வந்தது. தன் பழைய பாட்டுகளையே எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு நண்பரோடு சேர்ந்து மறுபடி பாடினார். ஷகீரா, ரூபன் பிளேட்ஸ், ஹுவான் லூயிஸ் கேர்ரா, மார்க் ஆண்டனி, ஹுவானெஸ், கால்யே 13, மானா என்று வந்தவர்களின் பட்டியலைப் பார்த்தாலே அவருக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்று புரியும். 'மாஸ் இ மாஸ்' பாட்டில் கூடப் பாடியவர் ரிக்கி மார்ட்டின். அந்த ஆல்பத்துக்கு 2013-ல் லத்தீன் கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருது கிடைத்தது. 2014-ல் கிராமியும் கிடைத்தது, அதுவும் எந்தப் பிரிவில் தெரியுமா? லத்தீன் பாப்!

கேட்டுப் பார்க்க நினைத்தால், 'மரியா'வின் ஆல்பம் வடிவத்திலிருந்து தொடங்குங்கள், அதன் பிறகு ரீமிக்ஸ். அடுத்து 'வுவெல்வே'யை முழுதாக. 'வாகபுந்தோ'வுக்குப் போகும்போது கொஞ்சம் தயாராக இருங்கள், கார் ஓட்டிக்கொண்டு கேட்கிற ஆல்பம் இல்லை அது. முதல் தடவையில் ஒட்டவில்லை என்றால் 'வீதா'வில் ஷகீராவோடு பாடிய 'ப்ளாங்கா முஹெர்' வழியாக உள்ளே போய்ப் பாருங்கள், கதவு சுலபமாகத் திறக்கும்.